வாலிபர் பாடகர் குழுவின் வெளிநாட்டு ஊழியப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் பாடகர் குழுவை அழைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் ஊழியமாக வேறொரு நாட்டுக்குப் போய்வர நினைக்கும் சபைகளுக்காக இதை எழுதுகிறேன். முதலில் டெனர் (ஆண்களின் மேல் குரல்) பாடும் பையனாகவும் பிறகு குழுவை நடத்துகிறவனாகவும் இப்படிப்பட்ட பயணங்களில் போயிருக்கிறேன். ஒவ்வொரு ஆயத்தக் கூட்டம் முடிந்த பின்னும் பெற்றோரும் வாலிபரும் என்னைத் தனியே அழைத்துக் கேட்டவையே இங்கே உள்ள கேள்விகள். எல்லார் முன்னிலையிலும் கேட்கத் தயங்கிய சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

பாடிவிட்டு வருவதை ஊழியம் என்று சொல்லலாமா? சுற்றுலாவுக்குத்தானே அந்தப் பெயரை வைக்கிறோம்?

இதைக் கேட்டவர் ஒரு மூப்பர். எனக்குக் கோபம் வரவில்லை. யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடியபோது மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. பிரசங்கம் போய்ச் சேராத இடத்துக்கும் பாட்டு போய்ச் சேரும் என்று நான் நம்புவது அந்த இரவை வைத்துத்தான்.

அண்மைக் கால வரலாற்றிலும் ஒரு குழு உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் படிப்பதற்காகத் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்வி நிறுவனம் கடனில் தத்தளித்தபோது, 1871 அக்டோபர் 6ஆம் தேதி அதன் மாணவர் ஒன்பது பேர் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார்கள். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அன்றைய மேடைகளுக்குப் பழகிய பாடல்களோடுதான் முதலில் போனார்கள். தங்கள் பெற்றோர் அடிமைகளாக இருந்த நாட்களில் பாடிய ஆவிக்குரிய பாடல்களை மேடையில் பாடத் தொடங்கிய பின்புதான் கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். 1873இல் இங்கிலாந்துக்குப் போய் விக்டோரியா மகாராணி முன்னிலையிலும் பாடினார்கள். ஓய்வில்லாத அந்தப் பயணங்களில் பலருடைய உடல்நலம் சீர்குலைந்தது. வாலிபரை அழைத்துப் போகிறவர்கள் அதையும் மறக்கக் கூடாது.

மூப்பரின் கேள்விக்கு வருகிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நிகழ்ச்சி நிரலை எழுதியது யார்? வரவேற்கும் சபை எழுதியிருந்தால் நிம்மதியாகப் புறப்படலாம். நாமே எழுதி, அவர்களுடைய ஒப்புதலுக்கு அனுப்பிவைத்திருந்தால் மூப்பர் சந்தேகப்பட்டது நியாயம்.

எந்த நாட்டுக்குப் போவது என்று எப்படி முடிவு செய்வது?

அழைக்கிற சபை இருக்கிற நாட்டுக்கு. வரைபடத்தை விரித்துவைத்து நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அங்கே ஒரு சபையைத் தேடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிப் போனால், அங்குள்ள போதகர் ஏற்கெனவே சுமக்கும் வேலைகளுக்கு மேல் நம்மையும் சுமக்க நேரிடும்.

அழைப்பு வந்த பிறகு, எந்த வாரம் வரக் கூடாது என்று கேளுங்கள். “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்ற பதில் பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. அறுவடை, பள்ளித் தேர்வு, மழைக்காலம், உபவாச நாட்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும். சபை நாட்காட்டிகளும் எங்கும் ஒன்றல்ல. எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7ஆம் தேதி. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் உயிர்த்தெழுதல் திருநாள் பல ஆண்டுகளில் மேற்கத்திய சபைகளின் தேதிக்குப் பின்னால் வருகிறது. அவர்களுடைய பரிசுத்த வாரத்தில் நாம் போய் இறங்கி மேடை கேட்பது வெட்கக்கேடு.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

பாடுகிறவர்கள் 12 முதல் 16 பேர். பாடாத பெரியவர்கள் மூன்று அல்லது நான்கு பேர். பெண்களின் மேல் குரலான சோப்ரானோ, கீழ்க் குரலான ஆல்ட்டோ, ஆண்களின் டெனர், கீழ்க் குரலான பாஸ் என்று ஒவ்வொரு குரலுக்கும் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்ற இருவர் மாறி மாறி மூச்சு எடுத்து நீண்ட வரியை அறுந்துபோகாமல் கொண்டுபோகலாம். இருபதைத் தாண்டினால் ஒரே வேனில் ஏற முடியாது, வீடுகளில் தங்கவைப்பதும் கடினம். பாடாதவர்களில் ஒருவர் செவிலியராகவோ முதலுதவிப் பயிற்சி பெற்றவராகவோ இருக்கட்டும்.

குரல் நன்றாக உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பது சரியா?

சரியல்ல என்பதே என் கருத்து. அருமையான சோப்ரானோ ஒருத்தி, கொடுத்த சாப்பாட்டையும் படுக்கையையும் குறை சொல்லிக்கொண்டே இருந்ததில், மூன்றாம் நாளுக்குள் குழு முழுவதும் முகம் வாடிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதே பயணத்தில், தனியாகப் பாடினால் சுருதி விலகும் ஆல்ட்டோ பெண் ஒருத்தி, கூட்டம் முடிந்ததும் முதியவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தெரிந்த பத்து வார்த்தைகளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். அந்தச் சபையார் இன்றுவரை விசாரிப்பது அவளைத்தான்.

சுருதியில் நிற்கும் அளவு குரல் வேண்டும், உண்மைதான். அதற்கு மேல் நான் பார்ப்பவை: ஒத்திகைக்கு நேரத்தில் வருகிறாரா, முடிந்ததும் நாற்காலிகளை எடுத்து வைக்கிறாரா, திருத்தினால் ஏற்றுக்கொள்கிறாரா.

எவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும்?

ஆவணங்களுக்கு ஒன்பது மாதம், ஒத்திகைக்கு ஆறு மாதம். கடைசி ஆறு வாரங்களில் புதிய பாடல் எதையும் சேர்க்காதீர்கள். பாடல் தாளைப் பார்க்காமல் பாடும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். தாளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

என்னென்ன பாடல்களைக் கற்றுக்கொண்டு போவது?

ஏறக்குறைய பாதியாவது அவர்களுடைய மொழியில் இருக்கட்டும். அவற்றை அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பட்டும். நான் எல்லாவற்றையும்விட அதிகமாக வற்புறுத்துவது இதைத்தான். நம் சபையில் பலமுறை பாடிப் பாராட்டு வாங்கிய நான்கு பாடல்களை மூட்டை கட்டிக்கொண்டு போவது எளிது. பாடி முடிந்ததும் கைதட்டுவார்கள். ஆனால் அவர்களுடைய தாத்தா பாட்டி பாடிய ஒரு துதிப்பாடலை, உச்சரிப்பில் தடுமாறியாவது, நாம் பாடத் தொடங்கும்போது நடப்பது வேறு. இரண்டாவது வரியில் கூட்டம் முழுவதும் சேர்ந்துகொள்ளும். பாட்டு நம் கையை விட்டுப் போய்விடும். அந்தக் கணத்துக்காகவே ஆறு மாதம் உழைக்கலாம்.

ஒலிப்பதிவு கேட்டு வாங்குங்கள். வார்த்தைகளை முதலில் மெதுவாகப் பேசி, பிறகு பாடி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தை மட்டும் பார்த்துக் கற்றால் ஏமாந்துபோவீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அழுத்தம் பொதுவாகக் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அதை இடம் மாற்றினால் கேட்பவர்களுக்கு உறுத்தும். நைஜீரியாவின் யொருபா மொழியில் மூன்று தொனி நிலைகள் இருக்கின்றன. ஒரே எழுத்துகள் தொனி மாறினால் வேறு சொல்லாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் யொருபா வார்த்தைகளை ஐரோப்பிய மெட்டுகளுக்குள் அடைத்தபோது, மெட்டு ஏறும் இடமும் சொல்லின் தொனி ஏறும் இடமும் ஒத்துப்போகாமல் பல வரிகளின் பொருள் சிதைந்தது. பின்னாளில் அந்நாட்டு இசையமைப்பாளர்கள் தங்கள் மொழியின் தொனியைப் பின்பற்றி மெட்டமைத்தார்கள். தென் சீனாவில் பேசப்படும், ஆறு தொனிகள் கொண்ட கேண்டனீஸ் மொழிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆகவே உங்கள் பாடலை மொழிபெயர்த்துப் பழைய மெட்டிலேயே பாட நினைத்தால், அந்த மொழி பேசும் ஒருவரிடம் பாடிக் காட்டி, என்ன காதில் விழுகிறது என்று கேட்காமல் மேடை ஏறாதீர்கள்.

ஆப்பிரிக்காவுக்கோ பசிபிக் தீவுகளுக்கோ போகிறவர்கள் சோல்ஃபா எழுத்துமுறையைக் கற்றுக்கொண்டு போவது நல்லது. டோ, ரே, மீ என்ற சுரப் பெயர்களின் முதல் எழுத்துகளால் இசையை எழுதும் முறை இது. இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் வகுத்ததை ஜான் கர்வென் என்ற போதகர் செப்பனிட்டுப் பரப்பினார். மிஷனரிகளோடு அது கடல் கடந்தது. தென்னாப்பிரிக்காவில் இன்றும் ஏராளமான பாடகர் குழுக்கள் அதில்தான் படிக்கின்றன. ஐந்து கோட்டு இசைத்தாளை நீட்டினால் திகைக்கும் குழு, சோல்ஃபா தாளைக் கொடுத்ததும் பார்த்த மாத்திரத்தில் நான்கு குரலிலும் பாடிவிடும். இரு குழுக்களும் சேர்ந்து பாட வேண்டிய பாடலை அந்த முறையில் எழுதிக்கொண்டு போங்கள்.

பாடலின் பின்னணியையும் விசாரியுங்கள். அதே தென்னாப்பிரிக்காவில் ஈனாக் சொன்டோங்கா என்ற பள்ளி ஆசிரியர் 1897இல் இயற்றிய ஜெபப்பாடல், இன்று அந்நாட்டுத் தேசிய கீதத்தின் முதற்பகுதி. மக்கள் அதற்கு எழுந்து நிற்பார்கள். எங்கே, எப்போது பாடலாம் என்று அங்குள்ளவர்களைக் கேட்காமல் அப்படிப்பட்ட பாடலை நிகழ்ச்சியில் சேர்க்காதீர்கள்.

அந்தச் சபையில் இசைக்கருவிகளுக்கு அனுமதி இல்லையென்றால்?

கருவி இல்லாமல் பாடுங்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் பெரும்பாலும் மனிதக் குரல் மட்டுமே ஒலிக்கும். புரொட்டஸ்டண்ட் சபைகளிலும் அப்படி உறுதியாக இருப்பவை உண்டு. எப்படியும் எல்லாப் பாடலையும் கருவியின்றிப் பாடும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்; மின்சாரம் போகும் இடங்களுக்கும் போகிறோம்.

சுற்றுலா விசாவில் போய்விடலாமா?

அந்நாட்டின் தூதரகத்திடம், சபை ஆராதனைகளிலும் பொது இடங்களிலும் பாடப்போகிறோம் என்று எழுத்தில் சொல்லி, எந்த வகை விசா தேவை என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சில நாடுகள் சம்பளமற்ற சபை ஊழியத்தைப் பார்வையாளர் விசாவில் அனுமதிக்கின்றன; சில நாடுகள் மதப்பணிக்குத் தனி விசா கேட்கின்றன. கூட்டத்தில் காணிக்கை எடுப்பது, குறுந்தகடு விற்பது ஆகியவை பல விசா வகைகளில் தடைசெய்யப்பட்டவை.

விமான நிலையத்தில் “சுற்றிப் பார்க்க வந்தோம்” என்று சொல்லுமாறு வாலிபரைப் பழக்குவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. சாட்சி சொல்லப் போகிறவர்கள் நாட்டின் வாசலிலேயே பொய் சொல்வதா? அந்தப் பொய்யின் விலையை நாம் கொடுப்பதும் இல்லை. நாம் விமானம் ஏறிய பின் அதிகாரிகளின் விசாரணைக்குப் போய் நிற்பது அங்குள்ள போதகர்தான். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றுவது ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய நாடுகளில் எதைப் பாடலாம், எங்கே பாடலாம், யாரோடு ஜெபிக்கலாம் என்பதை அங்குள்ள சபை சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பாஸ்போர்ட் பற்றி?

பல நாடுகள் நுழையும் தேதியிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, வெளியேறும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

என் மகளுக்கு 16 வயது. அவளை அனுப்ப என்ன ஆவணங்கள் தேவை?

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழின் நகல், அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் கடிதம், பொறுப்பேற்கும் பெரியவரின் பாஸ்போர்ட் விவரம். சில நாடுகள் இந்தக் கடிதத்துக்கு அப்போஸ்டில் முத்திரை கேட்கலாம். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி ஒரு நாட்டின் பொது ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை அது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் இந்த வேலையை இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள்.

தாயாக நீங்கள் குழுத் தலைவரிடம் கேட்க வேண்டியவை வேறு. இரவில் யார் எங்கே படுப்பார்கள்? சட்டப்படி வயது நிரம்பாதவரோடு ஒரு பெரியவர் தனியாக இருக்க நேராதபடி எப்போதும் இரண்டு பெரியவர்கள் என்ற விதி உண்டா? அழைத்துப் போகும் பெரியவர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் வரவில்லையென்றால் மகளை அனுப்பாதீர்கள்.

தடுப்பூசிகள், மாத்திரைகள்?

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாவது பயண மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடுகளில் அதன் சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் போதுமானது. பழைய அட்டையில் பத்தாண்டு என்று எழுதியிருந்தாலும் அப்படியே.

மலேரியா மாத்திரையில்தான் வாலிபர் தவறுகிறார்கள். வீடு திரும்பிய பின்பும் அதைத் தொடர வேண்டும்: மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ. ஊருக்கு வந்ததும் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். அவசரமாக விமானத்தில் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் ஒருவரும் கிளம்ப வேண்டாம்.

பயணத்தில் குரல் கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்வது?

பயணங்களில் குரலைக் கெடுப்பது பெரும்பாலும் பேச்சுதான். வேனின் இரைச்சலுக்கு மேல் மூன்று மணி நேரம் கத்திப் பேசிச் சிரித்துவிட்டு, மாலையில் மேல் சுரம் எட்டவில்லை என்று அழுவார்கள். எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: நிகழ்ச்சி நாளில் வேனுக்குள் பேச்சு இல்லை. முதல் நாள் முணுமுணுப்பார்கள். மூன்றாம் நாள் அந்த அமைதி அவர்களுக்கே பிடித்துவிடும், தூங்கிவிடுவார்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது. வாயை மூடி இருப்பதே ஓய்வு.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தண்ணீரைப் பயணம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாடுவதற்குச் சற்று முன் ஒரு பாட்டில் குடிப்பதால் குரல்நாண் நனைந்துவிடாது. குடித்த நீர் உடலில் சேர்ந்து அங்கே பயன்தர நேரமாகும். ஒவ்வாமைக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகள் தொண்டையை வறளச் செய்யும். தனிப் பாட்டுப் பாடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

நேர மாற்றத்துக்கு உடல் பழக, கடந்த ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எட்டு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டில் இறங்கிய அன்றே முக்கியக் கூட்டத்தை வைப்பது வாலிபருக்குச் செய்யும் அநியாயம்.

உயரத்தையும் பாருங்கள். 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வரக்கூடும். எக்குவடோரின் கிட்டோ ஏறத்தாழ 2,850 மீட்டர். பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர். அங்கே வீட்டில் ஒரே மூச்சில் பாடிய வரிக்கு இரண்டு மூச்சு தேவைப்படும். எங்கே மூச்சு எடுப்பது என்று புதிதாகக் குறித்துக்கொண்டு போங்கள். முதல் இரண்டு நாள் மெதுவாக நடக்கட்டும்.

கீபோர்டு, கித்தார், மைக் எல்லாம் கொண்டுபோவதா?

கீபோர்டை அங்கேயே கடன் கேளுங்கள். கொண்டுபோவதானால் அதன் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கித்தாரின் நரம்புகளைச் சற்றுத் தளர்த்தி, கெட்டியான பெட்டிக்குள் வையுங்கள். பவர் பேங்க் போன்ற உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணிக்கு (பேட்டரியின் மேல் Wh என்று அச்சிட்டிருக்கும்) மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

கம்பியில்லா மைக் வேண்டாம். ஒரு நாட்டில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசை இன்னொரு நாட்டில் சட்டவிரோதம். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியில் இத்தகைய மைக்குகளை 2020 ஜூலையிலிருந்து பயன்படுத்த முடியாது.

பாடியதை வீடியோ எடுத்து இணையத்தில் போடலாமா?

ஆராதனையில் பாடுவதற்குப் பல நாடுகளின் சட்டம் விலக்குத் தருகிறது. பதிவு செய்து பரப்புவதற்கு அந்த விலக்குச் செல்லாது. இசைத்தாளை நகலெடுப்பதும் அப்படியே. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருப்பதால், வேறு நாட்டுப் பாடலாசிரியரின் உரிமையும் உங்களைக் கட்டுப்படுத்தும். இசையமைப்பாளரும் ஒரு விசுவாசிதான், அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று வாலிபருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

உரிமையைவிட முக்கியமானது அங்குள்ளவர்களின் பாதுகாப்பு. கிறிஸ்தவர்கள் கண்காணிக்கப்படும் நாடுகளில் ஓர் இளைஞனின் முகம் இணையத்தில் வருவது அவன் வேலையைப் பறிக்கலாம். படம் எடுப்பதை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வெளியிடுவதை, அங்குள்ள போதகர் பார்த்துச் சம்மதித்த பிறகு, ஊர் திரும்பிய பின் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பாட விரும்புகிறோம். ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

நானும் ஒரு காலத்தில் அழைத்துப் போனேன். அங்கே ஒரு சிறுவன் எங்கள் பையன் ஒருவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வேன் கிளம்பியபோது எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். எத்தனை அன்பான குழந்தைகள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சிறுவனை விட்டுப் போன எத்தனையாவது குழு நாங்கள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பல நாட்கள் கழித்தே அது என்னை உறுத்தியது.

உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமையும் பள்ளிப் படிப்பின் ஆசையுமே அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. வெளிநாட்டவர் வந்து படமெடுத்துப் பணம் கொடுப்பது, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்திருப்பதற்கே கூலியாகிவிடுகிறது. 2019இல் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானம், அனாதை இல்லத் தன்னார்வத் தொண்டின் தீங்குகளையும் குறிப்பிடுகிறது. பிள்ளைகளோடு பாட ஆசைப்பட்டால் ஓய்வுநாள் பள்ளியில், அவர்களுடைய ஆசிரியர் உடனிருக்க, பாடுங்கள்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

பயணிப்பவர் ஒரு பங்கு, சபை ஒரு பங்கு, வாலிபர் உழைத்துத் திரட்டியது ஒரு பங்கு. பணம் இல்லாததால் ஒருவரும் விடுபடக் கூடாது. யாருக்கு யார் உதவினார் என்பது பொருளாளரைத் தவிர எவருக்கும் தெரியவும் கூடாது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் அவசரத்துக்கு வையுங்கள். கையில் கொண்டுபோகும் ரொக்கத்துக்கும் வரம்பு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது 10,000 யூரோவோ அதற்கு மேலோ, அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் என்றால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். குழுவின் பணம் முழுவதும் ஒருவர் பையில் இருந்தால் அந்த வரம்பை எட்டிவிடலாம்.

கணக்கில் பலரும் மறப்பது, வரவேற்பவர்களின் செலவு. இருபது பேருக்குச் சமைப்பதற்காக ஒரு குடும்பம் ஒரு மாத வருமானத்தைச் செலவழித்துவிடும். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். போவதற்கு முன்பே அவர்களுடைய சபைப் பொருளாளர் வழியாக, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் தண்ணீருக்கும் பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வீடுகளில் தங்குவதா, விடுதியிலா?

வரவேற்கும் சபை சொல்கிறபடி. வீடு என்றால் இருவர் இருவராக மட்டுமே.

பிரயாணத்தில் காதல் மலர்ந்தால்?

குழுவில் ஏற்கெனவே நேசிக்கும் இருவர் இருந்தால் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்: பயணம் முடியும்வரை எல்லாரோடும் சமமாக. அங்கே உள்ள ஒருவரோடு நெருக்கம் ஏற்பட்டால் குழுத் தலைவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். நீங்கள் அதட்டினால் மறைப்பார்கள். பொறுமையாகக் கேட்டால் சொல்வார்கள். நமக்கு அது பதினான்கு நாள் கதை. அந்தப் பெண்ணோ பையனோ அதே ஊரில், அதே சபையில், எல்லார் கண்ணும் பார்க்க வாழப்போகிறவர்.

பரிசுகள் கொண்டுபோகலாமா?

சபைக்கென்று ஒன்று, அவர்கள் கேட்டது. தனி மனிதருக்குப் பணமோ போனோ கொடுக்க வேண்டாம். பொருளைவிட ஆபத்தானது வாக்குறுதி. “அடுத்த வருடம் கட்டாயம் வருவோம்” என்று பிரியும் நேரத்தில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே ஒரு சிறுமி அதை நம்பி நாள் எண்ணுவாள். “உங்களுக்காக ஜெபிப்போம்” என்று சொன்னால் போதும். சொன்னபடி ஜெபிக்கவும் வேண்டும்.

எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். எத்தனை இடங்களில் பாடினோம், எவ்வளவு செலவானது, என்ன கற்றோம், எங்கே தவறினோம். மேடையிலிருந்து அழைத்தபோது எத்தனை கைகள் உயர்ந்தன என்பதை எண்ணிக்கொண்டுவந்து அறிக்கையில் எழுதாதீர்கள். உயர்த்தியவர்களில் பலர் ஏற்கெனவே விசுவாசிகளாக இருக்கலாம். சிலர் விருந்தினரைப் புண்படுத்தக் கூடாதே என்று உயர்த்தியிருக்கலாம். எண்ணிக்கை கேட்டு நிர்ப்பந்திக்கும் நன்கொடையாளரை ஒருமுறை இழந்திருக்கிறேன். அந்த ஆண்டு பணம் நெருக்கடியாக இருந்தது. ஆனாலும் வாலிபர் கையில் பொய்க் கணக்கு எழுதும் பேனாவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்த பின் என்ன?

பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டி, நடந்ததை அறிவித்தார்கள். நீங்களும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஆனால் வந்த வாரமே வேண்டாம். தூங்கி எழுந்து, மனதில் படிந்த பிறகு. முதல் சில நாட்கள் சில வாலிபர் காரணமின்றி அழுவார்கள், வீட்டிலுள்ள வசதிகளைப் பார்த்து எரிச்சல்படுவார்கள். பெற்றோர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிக்கை மாலையில் படங்களைக் குறைத்து, அங்கே கற்ற ஒரு பாடலைச் சபை முழுவதற்கும் கற்றுக்கொடுங்கள். எங்கள் சபையில் சுவாஹிலிப் பாடல் ஒன்று இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒலிக்கிறது. போகாதவர்களும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். ஒருமுறை அதைப் பாடும்போது அந்தப் பாடலை நாங்கள் கற்ற சபையின் போதகரைப் போனில் அழைத்து, கேட்கும்படி மேடையில் வைத்தோம். இரண்டாம் சரணத்தில் நாங்கள் இத்தனை மாதமாக ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்து வந்திருக்கிறோம் என்று அவர் திருத்தினார். அடுத்த ஞாயிறு சரியாகப் பாடினோம்.